‘நமக்கெதுக்கு இதெல்லாம்’ என்று தோன்றும்போது

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா, இல்லாத குரல் கேட்பது போன்றவை வரும் நோய்) என்றோ பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறிப் போகும் நோய்) என்றோ டாக்டர் சொல்வதற்குப் பல வருஷம் முன்னாலேயே ‘மென்டல்’, ‘லூசு’ எல்லாம் நமக்குத் தெரியும், நாமே யாரையாவது அப்படிச் சொல்லிச் சிரித்தும் இருப்போம். அதனால் நோயின் பெயர் நம்மேல் வந்து விழும்போது அந்தப் பழைய வசவும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. வெளியிலிருந்து ஒருவரும் திட்ட வேண்டியதில்லை, நாமே பார்த்துக்கொள்வோம்.

பேட்ரிக் காரிகன் என்ற உளவியலாளர் இதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். ஊர் இப்படி நினைக்கிறது என்று தெரிவது முதல் படி. ‘அது சரிதானே’ என்று ஒப்புவது அடுத்தது. ‘அப்போ நானும் அப்படித்தான்’ என்பது மூன்றாவது, அதற்கப்புறம் சுயமதிப்பு சரிகிறது. ஊரை மாற்றுவது இன்றைக்கு ஆகிற காரியமில்லை, ஆகவே கையை வைக்க வேண்டிய இடம் இரண்டாவது படி.

ஒரு நோட்டில், மனதில் வரும் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். ‘நான் சோம்பேறி, எந்த வேலையிலும் நிலைக்க மாட்டேன்.’ சரி, இதில் நடந்தது என்ன, தீர்ப்பு என்ன? காலையில் எழ முடியவில்லை என்பது நடந்தது. மாத்திரையின் மயக்கமாக இருக்கலாம், அல்லது மனச்சிதைவில் ஆர்வமே வற்றிப்போகுமே, அந்த அறிகுறியாக இருக்கலாம். டாக்டரிடம் கொண்டுபோனால் அளவையோ நேரத்தையோ மாற்ற வழி உண்டு (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்). ‘சோம்பேறி’ என்பது தீர்ப்பு. அதை முதலில் சொன்னது யார் என்று பக்கத்திலேயே எழுதுங்கள், பெரும்பாலும் வேறு யாரோ ஒருவரின் குரல் ஞாபகம் வரும். ‘நான் அற்புதமானவன்’ என்று பதிலுக்கு எழுத வேண்டாம், எனக்கு அது ஒருநாளும் எடுபட்டதில்லை. ‘போன வாரம் இரண்டு நாள் நேரத்துக்கு எழுந்தேன்’ போதும்.

‘நோயை ஒத்துக்கொள், எல்லாம் சரியாகும்’ என்று நல்லெண்ணத்தில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. பால் லைசேக்கர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2007ல் வெளியிட்ட ஆய்வில், மனச்சிதைவு இருப்பதை நன்றாக உணர்ந்து, கூடவே அந்த அவமானத்தையும் ஏற்றுக்கொண்டவர்களுக்குத்தான் நம்பிக்கையும் சுயமதிப்பும் குறைவாக இருந்தன. எனக்கு இந்த நோய் இருக்கிறது என்று ஏற்பது ஒன்று, அதனால் நான் உதவாதவன் என்று ஏற்பது முற்றிலும் வேறொன்று. இதை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

அப்புறம், யாரிடம் சொல்வது? எல்லாரிடமும் சொல்லக் கடமையில்லை, சொன்னதைத் திரும்ப வாங்கவும் முடியாது. மனநோய் பற்றி ஒரு செய்தியைப் பேச்சுவாக்கில் எடுத்துப் போடுங்கள், அவர் கிண்டலடிக்கிறாரா, கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்கிறவர் என்றால் இரண்டு வாக்கியம் மட்டும்: என்ன இருக்கிறது, அவரிடமிருந்து என்ன வேண்டும். இதே நோயோடு பல வருஷம் ஓட்டியவர் ஒருவரைச் சந்திக்க முடிந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் வேலைக்குப் போவதையும், சண்டை போடுவதையும், மாத்திரையை மறந்துவிட்டு அசடு வழிவதையும் நேரில் பார்ப்பது இப்படிப் பத்து நோட்டு எழுதுவதற்குச் சமம்.

சாக வேண்டும் என்ற எண்ணமோ, அப்படிச் சொல்லும் குரலோ வந்தால் நோட்டை மூடிவிடுங்கள். அது எழுதிப் பார்க்கும் நேரமில்லை, உடனே டாக்டரையோ பக்கத்தில் இருப்பவரையோ கூப்பிடுங்கள்.

மற்ற நாட்களில், ‘நமக்கெதுக்கு’ என்று நீங்கள் விட்டுவிட்ட சின்ன விஷயம் ஒன்றை எடுங்கள். பதில் போடாத ஒரு மெசேஜ், பாதியில் நிற்கும் ஒரு விண்ணப்பம். இந்த வாரத்துக்கு அது ஒன்று.