கோடை முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும்போது பெற்றோர் செய்யும் தவறுகள்

சுவர் ஏறுதல், ஜிப்லைன் (உயரத்தில் கட்டிய கம்பியில் தொங்கிச் சறுக்குவது), கயாக் (சிறிய துடுப்புப் படகு), வில்வித்தை, மலைநடை என்று முகாமின் பட்டியலைப் பார்த்ததும் பெற்றோரின் பயம் முதலில் உயரமான விஷயத்தின் மேல்தான் போகும். "விழுந்துட்டா என்ன பண்றது?" நியாயமான பயம்தான். ஆனால் உயரத்தில் பிள்ளையும் பயிற்றுநரும் இயல்பாகவே உஷாராக இருப்பார்கள். கவனம் தளர்வது முழங்கால் அளவுத் தண்ணீரிலும், மதிய வெயிலிலும், ஒரு விளையாட்டு முடிந்து அடுத்ததற்கு நடந்துபோகும் பத்து நிமிடத்திலும்தான். நாம் கேள்வி கேட்காமல் விடுவதும் இந்த இடங்களில்தான்.

தண்ணீரில் பெரிய தவறு, ஆபத்து வந்தால் பிள்ளை கத்தும் என்று நம்புவது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தமே போடாது. மூச்சு விடவே முடியாதபோது எங்கே கத்துவது? தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் விளையாடுவது போலவே தெரியும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். அதனால் "நீச்சல் தெரிந்தவர் இருக்காரா?" என்று மட்டும் கேட்டால் போதாது. கையில் ஃபோன் இல்லாமல், வேறு பொறுப்பும் இல்லாமல், தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்று கேளுங்கள்.

கையில் மாட்டும் காற்றுப்பைகளை லைஃப் ஜாக்கெட்டுக்கு மாற்றாக நினைக்கவே கூடாது. லைஃப் ஜாக்கெட்டிலும் "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று பெரிய அளவு வாங்குவது ஆபத்து. எல்லாக் கொக்கிகளையும் மாட்டியபின் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் பிள்ளையின் முகவாய், காது வரை ஏறி வந்தால் தண்ணீரிலும் அப்படித்தான் ஏறும். பிள்ளை கீழே நழுவிவிடும்.

கயிற்று விளையாட்டுகளிலும் அளவுதான் பிரச்சினை. கயிற்றோடு பிணைக்க உடம்பில் மாட்டும் பட்டைக்கவசமான ஹார்னஸின் இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இறுக்கமாக நிற்க வேண்டும். இடுப்பு இன்னும் அகலமாகாத சின்னப் பிள்ளைகள் தலைகீழானால் வெறும் இடுப்பு ஹார்னஸிலிருந்து நழுவிவிடலாம். அவர்களுக்கு மார்பையும் சேர்த்துக் கட்டும் முழு உடல் ஹார்னஸ் வேண்டும். ஹெல்மெட் புருவத்துக்குச் சற்று மேலே, நெற்றியை மூடியபடி உட்கார வேண்டும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: சைக்கிள் ஓட்டி முடித்த பிள்ளை அதே ஹெல்மெட்டோடு மரத்திலோ விளையாட்டுச் சட்டங்களிலோ ஏறக் கூடாது. ஹெல்மெட் இடுக்கில் சிக்கினால் நாடா கழுத்தை நெரித்துவிடும். சங்கிலி, துப்பட்டா, தொங்கும் கயிறு வைத்த சட்டை இதையெல்லாம் வீட்டிலேயே கழற்றிவிட்டு அனுப்புவது நல்லது.

வெயிலைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பாட்டிலை நிரப்பிக் கொடுத்ததும் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். மாலையில் அது பாதிகூடக் குறையாமல் வீட்டுக்கு வரும். விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைகள் தாகத்தைக் கண்டுகொள்வதில்லை. 9 முதல் 12 வயதுப் பிள்ளைகள் வெயிலில் ஓடியாடும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லிலிட்டர் குடிக்க வேண்டும் என்கிறார்கள் குழந்தைநல மருத்துவர்கள். நேரம் வைத்து எல்லோரையும் நிறுத்திக் குடிக்கவைக்கும் முகாம் நல்ல முகாம். வருடம் முழுக்க வகுப்பறையில் இருந்த உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் எடுக்கும். முதல் நாளே நண்பகலில் நீண்ட மலைநடை வைத்தால் காரணம் கேளுங்கள். வெயிலில் இருக்கும் பிள்ளை தடுமாறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெறும் களைப்பாக இருக்காது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடனே குளிர்ந்த நீரால் உடம்பைக் குளிர்விக்க வேண்டும்.

இடி விஷயத்தில் விதி எளிது. இடிச் சத்தம் கேட்டால் கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரக் கூடாது. மரத்தடியில் ஒதுங்குவது நனைவதைவிட மோசம்.

மருந்து எங்கே இருக்கிறது என்று கேட்க மறக்காதீர்கள். ஆஸ்துமா இன்ஹேலரைப் பையில் வைத்து அனுப்பியிருப்பீர்கள். பை முகாம் அறையில் இருக்கும், பிள்ளை இரண்டு கிலோமீட்டர் தள்ளி மலைப்பாதையில் இருக்கும். இன்ஹேலரும் ஒவ்வாமை ஊசியும் குழுவோடு நடக்கும் பயிற்றுநரிடம் இருக்க வேண்டும்.

குழு திரும்ப வரவில்லையென்றால் எத்தனை மணிக்கு யார் யாருக்குத் தகவல் சொல்வார்கள்? இதைக் கேட்பவர்கள் குறைவு. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் கயாக் பயணம் போன பள்ளி மாணவர்களில் 4 பேர் இறந்தார்கள். படகுகள் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டன. திரும்ப வேண்டிய நேரம் கடந்து மணிக்கணக்கில் தாமதமாகத்தான் கடலோரக் காவலுக்குத் தகவல் போனது. பயணத்தை நடத்திய சாகச மையத்திலிருந்து முன்பே விலகிய பயிற்றுநர்கள் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி முன்பே கடிதம் எழுதியிருந்தார்கள். அதன் பிறகுதான் 1995இல் சாகச மையங்களுக்கு உரிமம் கேட்கும் சட்டம் அங்கே வந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் முகாம் எவ்வளவு அழகான படங்களைக் காட்டினாலும் வேண்டாம்.

வழி தவறினால் என்ன செய்வது என்று பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்: தேடி அலையாதே, இருக்கும் இடத்திலேயே நில், விசிலை மூன்று முறை ஊது. மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பல இடங்களில் புரிந்துகொள்வார்கள்.

அப்புறம், பயம். "எல்லாரும் ஏறிட்டாங்க, நீ மட்டும்தான் பாக்கி" என்று கீழிருந்து குரல் கொடுப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அப்படித் தள்ளிவிடப்பட்ட பிள்ளை அழுதுகொண்டே இறங்கும். அடுத்த முறை கயிற்றைப் பார்த்தாலே ஒதுங்கும். பாதி ஏறி "போதும்" என்று சொல்லி இறங்க அனுமதி இருந்தால், பெரும்பாலும் தானாகவே இன்னும் இரண்டு படி ஏறிப் பார்க்கும். பயந்த முகத்தைக் கண்டதும் ஓடிப்போய் இறக்கிவிடுவதும் தவறுதான்; கொஞ்சம் பொறுத்து அதுவே முடிவெடுக்கட்டும்.

மாலையில் "ஜாலியா இருந்துச்சா?" என்பதோடு விடாமல், "உன் பெல்ட்டை யார் சரிபார்த்தாங்க? உன் கூடவே இருக்கச் சொன்ன ஜோடி யாரு? எத்தனை தடவை தண்ணி குடிக்கச் சொன்னாங்க?" என்று கேளுங்கள். பிள்ளை யோசிக்காமல் பதில் சொன்னால் சரி. திருதிருவென விழித்தால், மறுநாள் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடாமல், முதல் விளையாட்டு முடியும்வரை அங்கேயே நின்று பாருங்கள்.