மழையோடு லேக் டிஸ்ட்ரிக்ட்: முதல்முறை டென்ட் போடுபவர்களுக்கு

இங்கிலாந்தில் ஏரிகளும் மலைகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதிக்கு மழை இல்லாத வாரம் பார்த்துத்தான் போவேன் என்றால் கிளம்பவே முடியாது. அங்கே போரோடேல் பள்ளத்தாக்கில் உள்ள சீத்வெயிட் என்ற குட்டி ஊரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அதனால் மழை உண்டு என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடுவோம்.

1. ஒரே சாலை போதும். எம்6 நெடுஞ்சாலையின் 36ஆம் சந்திப்பில் விலகி, கெண்டல் ஊரைத் தாண்டி ஏ591 சாலையைப் பிடியுங்கள். விண்டர்மியர், ஆம்பிள்சைட், கிராஸ்மியர், கெசிக் என்று ஏரிக்கரை ஊர்கள் வரிசையாக வரும். கூகுள் மேப் ஆசை காட்டினாலும் ஹார்ட்நாட் கணவாய் பக்கம் போகாதீர்கள். மூன்றடிக்கு ஓரடி ஏறும் ஒற்றைத் தடச் சாலை அது. மழையில் புதியவர்களுக்கு வேண்டாத வேலை. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் இந்த ஏ591 சாலையையே அரித்துப் போட்டது. 2016 மே மாதம்தான் முழுவதும் திறந்தார்கள். ஆகவே கிளம்பும் காலையில் வெள்ள எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். ஈரச் சாலையில் முன்னால் போகும் காருக்கும் உங்களுக்கும் குறைந்தது 4 வினாடி இடைவெளி இருக்கட்டும்.

2. இடம் பிடியுங்கள். நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கண்ட இடத்தில் டென்ட் போடக்கூடாது. முகாம் மைதானத்தில் முன்பதிவு செய்யுங்கள். ஊருக்கு ஓர் இரவு என்று மாறி மாறித் தங்க வேண்டாம். நனைந்த டென்ட்டைத் தினமும் கழற்றி மாட்டுவது கொடுமை. ஒரே இடத்தில் தங்கி, காரில் போய்வாருங்கள். துணி உலர்த்த அறை உண்டா என்று கேளுங்கள். தண்ணீரை ஒட்டிய இடம் படத்தில்தான் அழகு, மேடான இடமாகக் கேட்டு வாங்குங்கள்.

3. முதலில் டென்ட், பிறகுதான் ஊர். இருட்டிய பிறகு மழையில் முளை அடிப்பதைவிட, போனதும் போட்டுவிடுவது நல்லது. வீட்டுத் தோட்டத்தில் ஒருமுறை போட்டுப் பழகியிருந்தால் பாதி வேலை முடிந்தது. மரத்தடி வேண்டாம்: மழை விட்டாலும் சொட்டிக்கொண்டே இருக்கும், கிளையும் முறியலாம். பள்ளமும் வேண்டாம். வாசல் காற்று அடிக்கும் பக்கம் பார்க்காமல், அதற்கு மறுபக்கம் இருக்கட்டும். மழையைத் தடுக்கும் வெளிக்கூரையை முதலில் நிறுத்தி, உள்ளறையைப் பிறகு மாட்டும் வகை டென்ட் என்றால் உள்ளே நனையாது. கடையில் இதைக் கேட்டு வாங்குங்கள். அடியில் தனி விரிப்பு போட்டால் அதன் ஓரம் வெளியே நீட்டக்கூடாது. நீட்டினால் கூரையில் வழியும் தண்ணீரை அதுவே பிடித்து உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்துவிடும். குளிருகிறதே என்று காற்றுத் துளைகளை மூடிவிடாதீர்கள். மூச்சின் ஈரம் உள்ளேயே படிந்து, விடியும்போது டென்ட் ஒழுகுகிறதோ என்று நினைப்பீர்கள்.

4. அடுப்பு வெளியே. எவ்வளவு மழை பெய்தாலும் டென்ட்டுக்குள் கேஸ் அடுப்போ கரி அடுப்போ கூடாது. அணைந்த கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது. புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் முதல் இரவுக்கு அடுப்பே வேண்டாம்.

5. மழைக்கேற்ற ஊர்சுற்றல். ஆம்பிள்சைட்டிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஸ்டாக் கில் அருவி. மழை பெய்தால்தான் அதற்கு மவுசு. கிராஸ்மியரில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் குடியிருந்த டவ் காட்டேஜ். கொட்டித் தீர்த்தால் கெசிக்கின் பென்சில் அருங்காட்சியகத்துக்குள் புகுந்துவிடுங்கள். பென்சிலுக்குள் இருக்கும் கருப்புப் பொருளான கிராஃபைட் போரோடேலில் கிடைத்ததால் பிறந்த தொழில் அது, குழந்தைகளுக்கும் பிடிக்கும்.

6. கழற்றும்போது வெளிக்கூரையைக் கடைசியாகப் பிரித்து, தனிக் குப்பைப் பையில் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கொடியில் விரித்து, தையல் வரை காய்ந்தபின் மடியுங்கள். ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.