கீழ்நிலை லீக் மைதானங்களைத் தேடிச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கும் தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, நாளைக்கு மேட்ச் இல்லையாம். செவ்வாய்க்கிழமைக்கு மாத்திட்டாங்களாம்" என்றார். யார்க்ஷயரில் உள்ள ஒரு பழைய கால்பந்து மைதானத்தைப் பார்ப்பதற்காக, அவரும் அவருடைய நண்பரும் ஆறு வாரங்களுக்கு முன்பே ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழையை அவர் வரி பிசகாமல் செய்திருந்ததைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, ஆறுதல் சொல்லவும் தோன்றவில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். குடை எடுத்துச் செல்லுங்கள், கைப்பேசியில் மின்னேற்றம் வைத்திருங்கள் என்பது போன்ற அறிவுரைகள் யாருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அட்டவணையை நம்பி ரயில் டிக்கெட் எடுப்பது

இங்கிலாந்தின் மேல் நான்கு அடுக்குகளில் ஆடும் 92 அணிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஆட்ட அட்டவணை என்பது தொலைக்காட்சிக்காகச் சற்று முன்பின் நகருமே தவிர, பெரும்பாலும் கல்லில் எழுதிய ஒன்று. ஐந்தாம் அடுக்குக்குக் கீழே இறங்கிவிட்டால் அது கல்வெட்டு அல்ல, பலகையில் எழுதிய சுண்ணக்கட்டி எழுத்து.

காரணம் கோப்பைப் போட்டிகள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் முதல் சுற்று நவம்பரில் தொடங்குவதாகப் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் அதற்கு முன் ஆகஸ்ட் தொடங்கி ஆறு சுற்றுகள் நடந்து முடிந்திருக்கும். போதாததற்கு, ஐந்து முதல் எட்டாம் அடுக்கு வரையிலான அணிகளுக்கு எஃப்.ஏ. டிராஃபி, ஒன்பதாம் பத்தாம் அடுக்கு அணிகளுக்கு எஃப்.ஏ. வாஸ் என்று தனித்தனிக் கோப்பைகளும் உண்டு. இவை பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கின்றன. அதே சனிக்கிழமையில் அந்த அணிக்கு லீக் ஆட்டம் குறிக்கப்பட்டிருந்தால், கோப்பைக்கு வழிவிட்டு லீக் ஆட்டம் ஒரு செவ்வாய் அல்லது புதன் இரவுக்குத் தள்ளிப்போகும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் பெரும்பாலும் இரண்டு வாரங்கள்தான் இருக்கும் என்பதால், இந்த மாற்றத்தை ஆறு வாரங்களுக்கு முன்பே எவராலும் சொல்ல முடியாது.

இதுவரை சொன்னது எனக்கு அப்போதே தெரியும். நான் கோட்டைவிட்டது வேறு இடத்தில். நான் பார்க்க விரும்பிய அணி ஆகஸ்டிலேயே எஃப்.ஏ. கோப்பையிலிருந்து வெளியேறிவிட்டதால், இனி அவர்களுடைய சனிக்கிழமைகள் பத்திரம் என்று முடிவு செய்து, எனக்கும் என் மனைவிக்குமாக மலிவு விலை முன்பதிவு டிக்கெட்டுகளை வாங்கினேன். ஆனால் ஆட்டம் என்பது இரண்டு அணிகள் ஆடுவது. எதிரணி கோப்பையில் வென்றுகொண்டே போனது. நான் பயணம் செய்த சனிக்கிழமையன்று அவர்கள் வேறோர் ஊரில் இரண்டாம் தகுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாயில் பூட்டியிருந்தது. உள்ளே முதியவர் ஒருவர், சுண்ணாம்புக் கரைசல் நிரப்பிய சிறு வண்டியைத் தள்ளிக்கொண்டு, கார்னர் கொடிக்கருகே கோடு போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, விஷயத்தைச் சொல்லி, வாயிலைத் திறந்து, தேநீர்க் குடிலின் கெண்டியைப் போட்டு இரண்டு கோப்பைத் தேநீரும் கொடுத்தார். காலியான மரப் படிக்கட்டில் அமர்ந்து அதைக் குடித்தோம். மைதானம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்டம் பார்க்காத மைதானத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது, இப்படி மைதானங்களை எண்ணிக்கொண்டே சுற்றும் எங்களிடையே உள்ள விதி. "பார்த்தாச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்ட என் மனைவிக்கு அந்த விதியை இன்றுவரை விளக்க முடியவில்லை.

முன்பதிவு டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது. புறப்படும் நேரத்துக்கு முன் கட்டணம் செலுத்தி வேறு ரயிலுக்கு மாற்றிக்கொள்ளலாமே ஒழிய, ஆட்டம் நடக்கவில்லை என்று ரயில் நிறுவனத்திடம் முறையிடுவதில் பொருளில்லை. ஆகவே ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை, இரு அணிகளின் கோப்பை நிலவரத்தையும் பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள். முன்கூட்டியே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஓர் அணியைத் தேர்ந்தெடுக்காமல் ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதாவது, இறங்கும் நிலையத்திலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய தொலைவில் மூன்று நான்கு மைதானங்களாவது இருக்கட்டும். தம்பிக்கு அன்று இரவு இதைத்தான் சொன்னேன். மறுநாள் அவர்கள் பக்கத்து ஊரில் பத்தாம் அடுக்கு ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

என்னைக் கேட்டால் ஏப்ரல்தான் சிறந்த மாதம். பெரும்பாலான அணிகளுக்குக் கோப்பைகள் முடிந்திருக்கும், தரை காய்ந்திருக்கும், குளிர்காலத்தில் தள்ளிவைத்த ஆட்டங்களால் வாரநாள் இரவுகளும் நிரம்பியிருக்கும்.

உறைபனி

ஜனவரியில், உறைந்த தரையில் ஆட முடியுமா என்று காலையில் நடக்கும் தரை ஆய்வின் முடிவு வெளிவரும்வரை வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள்.

அணியின் பெயரில் உள்ள ஊருக்குப் போவது

1857இல் தொடங்கப்பட்ட ஷெஃபீல்ட் எஃப்.சி. உலகின் மிகப் பழைய கால்பந்து கழகம் என்று அறியப்படுகிறது. ஆனால் 2001 முதல் அது ஆடுவது டெர்பிஷயரின் டிரான்ஃபீல்டில். ஷெஃபீல்டுக்குள்ளேயே இருக்கும் பழம்பெரும் மைதானம் கிராஸ்பூலில் உள்ள சேண்டிகேட். அது ஹாலம் கழகத்துடையது, அங்கே 1860ஆம் ஆண்டிலேயே இவ்விரு கழகங்களும் மோதியிருக்கின்றன. அதன் சரிவான தரையை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். சொந்த மைதானத்தை இழந்து வேறு கழகத்தின் இடத்தில் ஆடும் அணிகளும் ஏராளம். 2018இல் டல்விச் ஹாம்லெட் அணி தன் மைதானமான சாம்பியன் ஹில்லிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பல மாதங்கள் டூட்டிங் அண்ட் மிட்சம் கழகத்தின் மைதானத்தில் ஆடியது. கழகத்தின் பெயரைக் கொண்டு வரைபடத்தில் தேடாதீர்கள். அந்த வார ஆட்ட அறிவிப்பில் உள்ள மைதானத்தின் பெயரைக் கொண்டு தேடுங்கள்.

90 நிமிடமும் ஒரே இருக்கை

டிக்கெட் எண்ணைத் தேடி, இருக்கையில் அமர்ந்து, கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது பாவமாக இருக்கிறது. இந்த மட்டத்தில் இடைவேளையானதும் உள்ளூர் ரசிகர்கள் கம்பியில் கட்டிய பதாகைகளை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு, தங்கள் அணி அடுத்த பாதியில் தாக்கப்போகும் கோலின் பின்புறத்துக்கு நடந்து போவார்கள். பெரும்பாலான மைதானங்களில் யாரும் தடுப்பதில்லை. நீங்களும் அவர்களோடு நடந்து, வழியில் பயிற்சியாளரின் கூரைக்குடிலுக்கு அருகே பத்து நிமிடம் நில்லுங்கள். அவர் பக்கவாட்டுத் தற்காப்பாளரைத் திட்டும் ஒவ்வொரு சொல்லும் காதில் விழும். ஐந்தாம் அடுக்குக்குக் கீழே, களத்தைப் பார்த்தபடி பியர் குடிப்பதற்கும் பொதுவாகத் தடையில்லை. ஐந்தாம் அடுக்கிலும் அதற்கு மேலும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

"அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம்"

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் இப்படித் தள்ளிப்போடுவோம். லண்டனின் வீல்ட்ஸ்டோன் அணி 1985இல் தன் லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. டிராஃபியையும் ஒரே பருவத்தில் வென்றபோது அதன் வீடு ஹாரோவில் இருந்த லோயர் மீட். 1991இல் அது விற்கப்பட்டு, அங்கே டெஸ்கோ பேரங்காடி எழுந்தது. கழகம் பல மைதானங்களில் ஒண்டிக் குடியிருந்து, 2008இல்தான் ரைஸ்லிப்பில் நிலைகொண்டது. எங்கள் பகுதிக்கருகே ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் ஓல்ட் ஸ்பாட்டட் டாக் மைதானத்தை 2020இல் ரசிகர்களே நடத்தும் கிளாப்டன் சமூகக் கழகம் வாங்கியதால் அது பிழைத்தது. அங்கே போக எனக்கு அரை மணி நேரம் போதும். ஆனாலும் ஊரெல்லாம் சுற்றியபின் நாற்பத்து மூன்றாவது மைதானமாகத்தான் அதைப் பார்த்தேன்.

புரோகிராம்

அன்றைய ஆட்டத்துக்கென்று அச்சிட்ட சிறு கையேடான புரோகிராம் இருந்தால் நுழைந்தவுடன் வாங்கிவிடுங்கள். இடைவேளையில் மிச்சம் இருக்காது.