பொருளை மாற்றிக்கொண்டே போன ஒரு சிற்பியைப் பார்ப்பது எப்படி

கயிறு, அப்புறம் மண், அப்புறம் வெண்கலம் என்று தாவிய ஒரு சிற்பியைத் தெரிந்துகொள்ள ஆண்டுவாரியாக அட்டவணை போடாதீர்கள், தேதிதான் மிஞ்சும். ஒவ்வொரு பொருளும் அவர் கையை எதற்கு விட்டது, எதற்கு விடவில்லை என்று பாருங்கள்.

மிருணாளினி முகர்ஜியை (1949–2015) எடுத்துக்கொள்வோம். அப்பா சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி, அம்மா லீலா சிற்பி. மிருணாளினி பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் படித்தார். 1970களின் தொடக்கத்தில் சணல் கயிற்றுக்கு வந்துவிட்டார். தறி கிடையாது, முன்கூட்டி வரைந்த படமும் கிடையாது. சாயமேற்றிய கயிற்றை முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு, உள்ளே உலோகச் சட்டம் கொடுத்து, ஆளைவிடப் பெரிய உருவங்களாக வளர்த்தார்.

'யக்ஷி', 'வனராஜா' போன்றவற்றின் படம் கிடைத்தால் உடனே முழு உருவத்தையும் பார்க்க வேண்டாம், ஏதாவது ஒரு மடிப்பைப் பெரிதாக்குங்கள். முடிச்சு எங்கே இறுகுகிறது, எங்கே தளர்ந்து கயிற்றின் கனத்துக்கே தொங்குகிறது என்று தேடுங்கள். பூவா உடம்பா என்று சொல்ல முடியாத அந்த வடிவத்தில் பாதி அந்தத் தொங்கலில்தான் இருக்கிறது. சந்தேகமென்றால் இரண்டு முழம் சணல் கயிறு வாங்கி, இலை மாதிரி ஒன்றை முடிந்து ஆணியில் மாட்டிப் பாருங்கள், நீங்கள் நினைத்த இலை வராது, கயிறு நினைத்தது வரும். இது கைவினையா கலையா என்ற பழைய சண்டை இருக்கிறதே, அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

செராமிக்கை, அதாவது சுட்ட மண் சிற்பங்களை, வேகமாகக் கடக்கலாம். 1996இல் நெதர்லாந்தில் ஒரு பயிலகத்தில் தங்கிச் செய்தார். மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும், சூளைக்குள் அடங்கவும் வேண்டும், அதனால் கயிற்றில் எழுப்பிய உயரத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

2000களின் வெண்கலத்தில் மறுபடி நில்லுங்கள். மெழுகில் கையால் உருவாக்கி, மேலே அச்சு பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றுவது, அடிப்படையில் சுவாமிமலையில் செய்கிற அதே வழி. மெழுகில் விட்ட சின்ன வரியும் கிழிசலும் உலோகத்தில் அப்படியே வந்துவிடும், ஆகவே ஓரங்களை முதலில் பாருங்கள். இலையும் மட்டையும் இங்கேயும் இருக்கின்றன, ஆனால் தொங்கவில்லை, தரையில் விறைத்துக் கிடக்கின்றன.

சரி, படங்களுக்கு எங்கே போவது? 2019இல் நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் கிளையாக இருந்த மெட் பிராயர் இவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது, அதன் படங்களிலிருந்து தொடங்குங்கள். கயிறு, செராமிக், வெண்கலம் மூன்றிலும் ஒவ்வொன்றை எடுத்துத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், தலைப்பை அப்புறம் படிக்கலாம்.