பாதிக் கதையைத் தபாலில் போடுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எனக்கு ஒரு போட்டோஸ்டாட் கடை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஆள் வரத்து குறைந்துவிடும். அந்த நேரத்தில் பின்னறையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து கதை எழுதுவார்கள், படம் வரைவார்கள். அவை இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்குப் போகின்றன. அங்கிருந்தும் வருகின்றன. "நாங்களும் இப்படி ஆரம்பிக்கலாமா, என்ன செய்ய வேண்டும்?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில், முழுக் கதையை அனுப்பாதீர்கள். நல்ல படங்களாகப் பொறுக்கி ஒரு உறையில் போட்டு அனுப்பினால், அங்கே சுவரில் ஒட்டுவார்கள், வாட்ஸ்அப்பில் நன்றி வரும், அத்தோடு சரி. அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. கதை பாதியில் நின்றால்தான் பதில் வரும். பரிசு, சான்றிதழ் எதுவும் வேண்டாம். சான்றிதழ் அச்சடித்தால் எனக்குத்தான் வருமானம், இருந்தாலும் சொல்கிறேன். பரிசு என்று வந்துவிட்டால் அப்பா அம்மா வரைய ஆரம்பித்துவிடுவார்கள்.

நாங்கள் பயன்படுத்தும் முறை ஜப்பானியர்களுடையது, கமிஷிபாய் என்பார்கள். 1930களில் அங்கே மிட்டாய் விற்கிறவர்கள் சைக்கிளில் ஒரு மரச்சட்டத்தைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், படத்தாள்களை ஒவ்வொன்றாக உருவி அடுக்கின் பின்னால் செருகிக் கதை சொல்வார்கள். படம் பிள்ளைகளைப் பார்த்திருக்கும். எழுத்து தாளின் பின்புறம், சொல்பவர் கண்ணில் படும். ஆனால் முதல் படத்தின் கதை முதல் தாளின் பின்னால் இருந்தால் உதவாது. சொல்பவருக்குத் தெரிவது அடுக்கின் கடைசித் தாளின் முதுகு மட்டுமே. அதனால் முதல் படத்துக்கான வரிகள் கடைசித் தாளின் பின்னால், இரண்டாம் படத்துக்கானவை முதல் தாளின் பின்னால், மூன்றுக்கானவை இரண்டின் பின்னால், இப்படியே போகும்.

எட்டுத் தாள் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் நான்கு வரை நம் பிள்ளைகள் வரைகிறார்கள். ஐந்து முதல் எட்டு வரை அதே தாளை வெறுமையாக வைத்து எண் மட்டும் போட்டு அனுப்புகிறோம். நம் முதல் படத்தின் வரிகளை எட்டாம் தாளின் பின்னால் எழுதித்தான் அனுப்ப வேண்டும். அதன் முன்புறம் அவர்கள் படத்துக்கு. நம் நான்காம் தாளின் பின்புறம் காலியாகப் போகும். அங்கே அவர்களுடைய ஐந்தாம் படத்தின் வரிகள் வரும். இரண்டு ஊர்ப் பிள்ளைகளின் கையெழுத்தும் சேராமல் அந்தக் கதையைப் படித்துக் காட்டவே முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இந்த முறை பிடிக்கும்.

கதையை வரவழைப்பதுதான் கஷ்டம். "உன் ஊரைப் பற்றி வரை" என்று சொல்லிப் பாருங்கள்: இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு தென்னை மரம். எந்த ஊர்ப் பிள்ளையும் இதைத்தான் வரையும். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் லயத்தை, தோட்டத்து வரிசை வீடுகளை, பார்த்ததே இல்லை. தாமான் என்கிற குடியிருப்புகளிலும் ஃபிளாட்டிலும் இருக்கிறார்கள். பால்மரம், அதாவது ரப்பர், நின்ற இடமெல்லாம் இப்போது எண்ணெய்க்கான செம்பனை. அதனால் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள், அதுவும் சின்னக் கேள்வியாக. பால் வெட்டப் போகும்போது காலில் என்ன போட்டிருந்தாய்? நீ வேலைக்குப் போனால் என் அம்மாவை யார் பார்த்துக்கொண்டது? மழை பெய்தால் என்ன செய்வாய்?

ஒரு பெண் பிள்ளை பாட்டி மரம் வெட்டுவதை உச்சி வெயிலில் வரைந்திருந்தாள். பாட்டி பார்த்துவிட்டுச் சிரித்தாராம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். அதனால் கறுப்புத் தாளை ஒட்டி வெள்ளை கிரேயானில் மறுபடி வரைந்தாள். இருட்டு, விளக்கு, பால் வடியும் ஒரு மங்கு, தூரத்தில் இரண்டு கண்கள். நான்காம் தாளில் விளக்கு அணைந்துவிட்டது. அங்கே நிறுத்தி அனுப்பினோம். எங்கள் பிள்ளைகள் மனதில் இருந்தது முசாங், அதாவது மரநாய். ஹட்டனிலிருந்து திரும்பி வந்தது சிறுத்தை. அவர்கள் மலையில் தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டம் உண்டு, கேட்டு வளர்ந்தது அதைத்தான். பாட்டி போய் ஒளிந்துகொண்டதோ தேயிலைச் செடிக்குள்! பால்மரக் காட்டில் தேயிலை ஏது என்று திருத்தப் போகாதீர்கள். பிள்ளைகளே கேள்வி எழுதி அடுத்த உறையில் போடட்டும்.

ஹட்டன் உயரத்தில் ரப்பர் கிடையாது, அதனால் விதையையோ இலையையோ உறையில் போட்டுக் காட்டலாம் என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். செடி சம்பந்தப்பட்ட எதையும் தபாலில் போட்டால் நோய்த்தடுப்புச் சட்டத்தில் மாட்டும். இலையைத் தாளுக்கடியில் வைத்து மேலே கிரேயானைத் தேயுங்கள், நரம்பெல்லாம் விழும். கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது, எங்களுக்குப் பக்கம்தான். அதே சமயத்தில், 1876இல், லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கும் கன்று போயிருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போய் அந்த மரத்தடியில் வரைய வைத்தால் ஒரு கதைக்கு ஆகும்.

இனி தாள் விஷயம். இது என் தொழில், கொஞ்சம் விரிவாகவே சொல்வேன். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே சதுர மீட்டருக்கு 160 கிராம் என்று கட்டின் மேல் போட்ட தாள் ஒன்று 10 கிராம் இருக்கும், ஒரு கதை 80 கிராம். மெல்லிய தாள் வேண்டாம், எழுத்து முன்பக்கம் தெரியும். மார்க்கர் பேனாவைத் தொடவே விடாதீர்கள், ஊறிப் பின்பக்கம் வந்துவிடும். ஆயில் பேஸ்டல் ஒட்டும், அதனால் இரண்டு தாளுக்கு நடுவில் சமையலுக்கு வாங்கும் எண்ணெய்த் தாளை வையுங்கள். சுருட்டாதீர்கள், இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்துத் தட்டையாக அனுப்புங்கள். அனுப்பும் முன் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிடுங்கள். தபாலில் காணாமல் போனாலும் கதை இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அல்ல, டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் எழுத்து மங்கிவிடும். உறைக்குள் தாள் மட்டும் இருக்கட்டும். பொம்மை, பென்சில் என்று சேர்த்தால் அது பொருளாகிவிடும், சிஎன்22 சுங்கப் படிவம் எழுத வேண்டும்.

பிள்ளையின் பெயர், வயது போதும். வீட்டு முகவரி, முகம் தெரியும் படம், போன் நம்பர் எதுவும் போகக்கூடாது. பதில் வரும் முகவரி கடையோ பள்ளியோ. வயதைப் பொறுத்தவரை, இங்கே ஆறாம் ஆண்டில் எழுதிய யுபிஎஸ்ஆர் பரீட்சை 2021இல் ஒழிந்ததால் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் நேரம் உண்டு. அங்கே ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை, அந்த வகுப்பை விட்டுவிடுங்கள்.

வீடியோ அழைப்பை அவசரப்பட்டு வைக்காதீர்கள். முன்பின் தெரியாத பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து "சாப்பிட்டீங்களா?" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். ஒரு கதையாவது போய்த் திரும்பி வரட்டும், அப்புறம் வையுங்கள். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். இங்கே மாலை ஐந்து என்றால் அங்கே மதியம் இரண்டரை. அழைப்பில் கதையை அவர்கள் படிக்கட்டும், படத்தை நாம் ஒவ்வொன்றாக உருவலாம்.

அசல் யாருக்கு என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். தொடங்கிய ஊருக்கே கதை திரும்பும், மற்ற ஊருக்கு வண்ண நகல் என்பது எங்கள் ஏற்பாடு. தபால் செலவு அங்குள்ள ஆசிரியை கையிலிருந்து போகிறதா என்றும் கேளுங்கள். அவராகச் சொல்ல மாட்டார்.