புதிய பண்ணைத் தொழிலுக்கு முன் ஒரு வெள்ளோட்டம்: திருகோணமலை விவசாயிகளுக்கான வழிகாட்டி

தம்பலகாமத்தில் நெல் விதைப்பவரும், நிலாவெளியில் சின்ன வெங்காயம் நடுபவரும், கிண்ணியாவில் எருமை வளர்த்துத் தயிர் விற்பவரும், இருக்கின்ற தொழிலோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கின்ற காலம் இது. ஊர்க்கோழி, காளான், பாரம்பரிய நெல், சுற்றுலா விடுதிகளுக்கான இலைக்கறி என்று யோசனைகள் பல இருக்கின்றன. அவற்றில் எதைத் தேர்ந்தாலும், கையிருப்பு முழுவதையும் அதில் போடுவதற்கு முன் சிறிய அளவில் ஒரு வெள்ளோட்டம் பார்ப்பது அவசியம். அதை எப்படிச் செய்தால் பயன் கிடைக்கும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

வெள்ளோட்டம் அளவில் எவ்வளவு சிறியதாகவும் இருக்கலாம். ஆனால் விதை வாங்குவதில் தொடங்கி விற்ற காசு கைக்கு வந்து சேரும்வரை முழுச் சுற்றும் ஒருமுறை நடந்து முடிந்திருக்க வேண்டும். நம்மவர் பலர் பயிர் நன்றாக வந்தவுடன் பரீட்சை முடிந்துவிட்டதாக எண்ணி, அடுத்த போகத்திலேயே ஒரு ஏக்கரில் இறங்கிவிடுகிறார்கள். பயிர் வருமா என்பது கேள்வியின் பாதிதான். வாரந்தோறும் யார் வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார், காசை எப்போது தருவார் என்பவையே தொழிலைத் தீர்மானிக்கின்றன.

ஆகவே முதலில் செய்யவேண்டியது, உங்கள் யோசனையில் மிகப் பெரிய சந்தேகம் எது என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்வது. சந்தேகம் சந்தையைப் பற்றியதாக இருந்தால், எதையும் வளர்க்காமலே பரீட்சையைத் தொடங்கலாம். ஊர்க்கோழி முட்டையை எடுத்துக்கொள்வோம். குஞ்சு வாங்கி வளர்த்தால் முதல் முட்டையைக் காண ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். அதற்குப் பதிலாக, அயலில் கோழி வைத்திருப்பவர்களிடம் வாரம் இரண்டு தட்டு, அதாவது 60 முட்டை, வாங்கி, தெரிந்த இரண்டு கடைகளுக்கும் சில வீடுகளுக்கும் ஒவ்வொரு வாரமும் அதே கிழமையில் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். கடைக்காரர் அடுத்த வாரம் தாமாகவே கேட்கிறாரா, அல்லது சென்ற வாரத்து முட்டை தட்டிலேயே மிஞ்சியிருக்கிறதா? ஊர் முட்டை சிறியது என்று விலையைக் குறைக்கப் பார்க்கிறாரா? ஓட்டோவில் போய்ச் சேர்வதற்குள் எத்தனை உடைகின்றன? ஒன்றிரண்டு மாதம் இப்படிச் செய்தால், இலாபம் பெரிதாக இராவிட்டாலும், கூடு கட்டுவதா வேண்டாமா என்பதற்கான பதில் கையில் இருக்கும்.

பதில் சாதகமாக இருந்தால் கோழிக்கு வரலாம். அப்போதும் குஞ்சிலிருந்து தொடங்காமல், முட்டையிடும் பருவத்தை நெருங்கிய பெட்டைகள் இருபதை வாங்குவது காலத்தை மிச்சப்படுத்தும். ஒரு விடயத்தை முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும்: ஊர்க்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டபின் அடைகாக்க உட்கார்ந்துவிடும் இயல்புடையது. எனவே இருபது கோழிக்கு நாளொன்றுக்கு இருபது முட்டை என்று கடதாசியில் போடும் கணக்கு ஒருபோதும் சரிவராது. உண்மையில் எத்தனை கிடைக்கின்றன என்பதை நாள்தோறும் குறித்து வையுங்கள். கடைக்காரருக்கு வாக்குக் கொடுப்பது அந்த எண்ணை வைத்தே இருக்க வேண்டும்.

அடுத்து, பரீட்சை செய்யும் மாதம். நமது மாவட்டத்தில் இது மிக முக்கியமானது, ஆனால் அடிக்கடி கவனிக்கப்படாதது. நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் ஆட்கள் நிறைவது கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில். அந்த மாதங்களில் கங்குன், சலாது இலை, புதினா எதைக் கொண்டுபோனாலும் சமையலறை வாங்கிக்கொள்ளக்கூடும். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் அதே விடுதிக்குப் பாதியும் தேவைப்படாது. நல்ல மாதத்தில் மட்டும் பார்த்த வெள்ளோட்டம் ஆசையைத்தான் வளர்க்கும். காளானுக்கு இதன் மறுபக்கம் பொருந்தும். மார்கழி, தை மாதங்களின் ஈரப்பதத்தில் சிப்பிக் காளான் தானாகவே நன்றாக வருவதுபோல் தோன்றும். வறண்ட, சூடான கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அதே கொட்டிலில் ஈரத்தையும் குளிர்ச்சியையும் நிலைநிறுத்த முடிகிறதா என்பதே உண்மையான சோதனை. பொதுவாகச் சொன்னால், உங்கள் தொழிலுக்கு எது மிகக் கடினமான பருவமோ, அதில் ஒரு பகுதியையாவது வெள்ளோட்டம் கடந்திருக்க வேண்டும்.

இடத்தைப் பற்றியும் இப்படியே யோசிக்க வேண்டும். வீட்டு வளவில், கண்ணெதிரே, வாளியால் தண்ணீர் ஊற்றி வளர்த்த பத்து மிளகாய்க் கன்று, கந்தளாய்ப் பக்கத்திலோ சேருவிலவிலோ உள்ள காணியைப் பற்றி எதையும் சொல்லாது. அங்கே யானை வரும், கட்டாக்காலி மாடு வரும், மயில் வரும், குரங்கு வரும். தொழிலை எந்தக் காணியில் பெரிதாகச் செய்ய நினைக்கிறீர்களோ, அந்தக் காணியின் ஒரு மூலையிலேயே வெள்ளோட்டமும் நடக்க வேண்டும். அளவும் மிகச் சிறியதாக இருக்கக்கூடாது. கச்சான் (நிலக்கடலை), மரக்கறி போன்றவற்றுக்கு 10 பேர்ச், அதாவது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு இருந்தால், நோயும் களையும் கூலியும் தங்கள் உண்மையான முகத்தைக் காட்டும்.

கடற்கரையோரத்தில் உள்ளவர்களுக்குக் கிணறுதான் முதல் கவலையாக இருக்க வேண்டும். குச்சவெளி, நிலாவெளிப் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. பத்துப் பேர்ச்சுக்கு இறைக்கும்போது இனிப்பாக இருக்கும் அதே கிணறு, ஒரு ஏக்கருக்கு மோட்டார் போட்டுத் தொடர்ந்து இறைத்தால் உவராகிவிடக்கூடும். அவ்வாறு கெட்டால் உங்கள் பயிர் மட்டுமல்ல, அயலாரின் குடிநீரும் கெடும். ஆதலால் வெள்ளோட்டக் காலத்தில், கோடையின் உச்சத்தில் சில நாட்கள், பின்னாளில் தேவைப்படும் அளவுக்கு நெருக்கமாக இறைத்து, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் மீண்டும் ஊறுகிறது, சுவை மாறுகிறதா என்று பாருங்கள். மாற்றம் தெரிந்தவுடன் இறைப்பை நிறுத்திவிடுங்கள்.

நெல்வயலில் புதிய இனத்தையோ புதிய முறையையோ முயல்பவர்கள், பழையதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். மேட்டுப் பகுதியில் ஒரு துண்டு, பள்ளத்தில் ஒரு துண்டு என்று இரண்டு இடங்களில் செய்தால், வித்தியாசம் இனத்தால் வந்ததா, மண்ணால் வந்ததா என்று பிரித்தறிய முடியும். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது, முழு நாடும் ஒரே போகத்தில் சேதன முறைக்கு மாறவேண்டியதாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டபோதும், அந்தப் பெரும்போகத்தின் நெல் விளைச்சல் பெரிதும் குறைந்தது. சேதன விவசாயம் நல்லது என்று நம்புகிறவர்களுக்கும் அது பெரும் இழப்பாக முடிந்தது. ஒரு துண்டில் தொடங்கியிருந்தால் அந்த முறையின் பலமும் பலவீனமும் அமைதியாகத் தெரிந்திருக்கும்.

பாரம்பரிய நெல்லில் இன்னொரு சிக்கல் உண்டு. பச்சைப்பெருமாள் விதைத்து, அறுத்து, நல்ல விலை தரும் வாடிக்கையாளரையும் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூட்டை நெல்லை வேறு நெல்லோடு கலக்காமல் தனியாகக் குற்றித்தர எந்த ஆலை சம்மதிக்கும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமலே பல நல்ல முயற்சிகள் நின்றுபோகின்றன. விதைக்கும் முன்பே ஆலைக்குப் போய்ப் பேசுங்கள். தயிர், ஊறுகாய், மோர்மிளகாய் போன்ற உணவுப்பொருள் செய்பவர்கள் இதேபோல் முதல் போத்தலை விற்கும் முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, போத்தலில் ஒட்டும் சுட்டுத்துண்டில் என்னென்ன இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கணக்கு எழுதாத வெள்ளோட்டம் வீண். ஒரு கொப்பி போதும். விதை, உழவு, மருந்து, ஓட்டோக் கூலி என்பவற்றோடு, வீட்டாரின் உழைப்பையும் ஊரில் கொடுக்கும் நாட்கூலி விலைக்கே எழுதுங்கள். அம்மாவும் பிள்ளைகளும் மாலை நேரத்தில் உட்கார்ந்து ஆய்ந்த கச்சானுக்குச் செலவே இல்லை என்று எண்ணினால், ஒரு ஏக்கர் கச்சானைப் பிடுங்குவதற்கு எல்லாரும் ஆள் தேடும் வாரத்தில் கூலியாள் தேடும்போது இலாபம் முழுவதும் கரைந்துவிடும். விற்ற திகதியையும் காசு கைக்கு வந்த திகதியையும் வெவ்வேறு நிரல்களில் எழுதுங்கள். மாத முடிவில்தான் காசு தரும் விடுதிக்குக் கொடுப்பதாக இருந்தால், அதுவரை தீனிக்கும் கூலிக்கும் உங்களிடம் கைமுதல் இருக்க வேண்டும்.

வெள்ளோட்டத்துக்குக் கடன் வாங்க வேண்டாம். வாரத் தவணைக் கடனுக்கு உங்கள் பயிரின் நாட்கள் தெரியாது. முதல் அறுவடைக்கு முன்பே பல தவணைகள் கடந்துவிடும். நகை அடகுக்கும் இதுவே பொருந்தும். போனாலும் வீட்டுச் செலவு தடுமாறாத தொகை எதுவோ, அதுவே உங்கள் வெள்ளோட்டத்தின் எல்லை. எந்த நிலை வந்தால் நிறுத்துவது என்பதையும் தொடங்கும் முன்பே கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி, வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். உழைப்பைப் போட்டபின் நிறுத்துவதற்கு மனம் வராது. அப்போது முன்பு எழுதிய வரி உதவும். கமநல சேவை நிலையத்தில் உள்ள விவசாயப் போதனாசிரியரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவைத்தால், நோய் கண்டவுடன் வந்து பார்ப்பதற்கும் வழி இருக்கும்.

கணக்குச் சரிவந்தால், இருபது கோழியிலிருந்து ஐந்நூறுக்குத் தாவாமல், ஐம்பதுக்குப் போங்கள். 10 பேர்ச்சிலிருந்து கால் ஏக்கருக்குப் போங்கள். ஒவ்வொரு படியிலும் புதிதாக ஒன்று இடறும்: ஒருமுறை தீனி வைக்கும் இடம் போதாது, இன்னொருமுறை வழக்கமான கடைகள் தாங்காமல் நகரச் சந்தைக்கோ தம்புள்ளைக்கோ அனுப்பவேண்டிவரும், அங்கே விலை வேறாக இருக்கும். அந்தப் புதிய விலையில் கொப்பியின் கணக்கை மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்த்த பின்னரே அடுத்த படிக்கான கூட்டுக்கோ வேலிக்கோ முற்பணம் கொடுங்கள்.