மைக்ரான் கணக்கு எழுதும் முன் திசு பட்ட பாட்டைப் பாருங்கள்

நுண்ணோக்கியில் திசுவை அளப்பதற்கு முன், ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை (அளவுக்கோடு பொறித்த ஸ்லைடு) வைத்து ஐபீஸ் (கண் வைக்கும் லென்ஸ்) அளவுகோலைச் சரிபார்த்திருப்பீர்கள். 1 மில்லிமீட்டர், 100 கோடு, கோட்டுக்கு 10 மைக்ரான். சரி, கருவி ஒழுங்காக இருக்கிறது. ஆனால் திசு வழியிலேயே சுருங்கியிருந்தால் அந்தச் சுருங்கிய அளவைத்தான் துல்லியமாக அளக்கிறீர்கள்.

முதலில் ஃபார்மலின், திசு அழுகாமல் பதப்படுத்தும் திரவம். 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், திசுவைப் போல 10 முதல் 20 மடங்கு அளவு, துண்டு 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். எடுத்த துண்டை மேஜையில் ஃபேன் காற்றில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், ஓரம் காய்ந்துவிடும், அங்கே அளப்பது வீண்.

பெரிய சுருக்கம், திசுவின் நீரை நீக்கி மெழுகேற்ற ஆல்கஹால், சைலீன், சூடான மெழுகு என்று போகும்போதுதான். எவ்வளவு என்பது திசுவுக்குத் திசு மாறும். நீளத்தில் 20 சதவீதம் சுருங்கினால் பரப்பில் 36 சதவீதம் போச்சு, கன அளவில் ஏறக்குறைய பாதி! அதனால் ஒப்பிடப் போகும் மாதிரிகள் எல்லாவற்றையும் ஒரே நேரக் கணக்கில், முடிந்தால் ஒரே தொகுப்பாக ஓட்டுங்கள். ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் தோல் மாதிரி பார்ப்பவர்களுக்கும் இதேதான், உறையவைத்து வெட்டியதையும் மெழுகில் வெட்டியதையும் ஒரே அட்டவணையில் போடக் கூடாது.

அப்புறம் வெட்டுவது. வேலூர் கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில், பிளாக் (திசு பதிந்த மெழுகுக் கட்டி) இளகிப்போய், வெட்டும் மெல்லிய செக்‌ஷன் கத்தி போகும் திசையில் நசுங்கும், வட்டமான நியூக்ளியஸ் (செல் கரு) எல்லாம் ஒரே பக்கமாக முட்டை வடிவில் தெரிந்தால் நோய் என்று நினைக்காமல் முதலில் கத்தியைச் சந்தேகப்படுங்கள். பிளாக்கை ஐஸில் வைத்து வெட்டுங்கள். வாட்டர் பாத் (வெட்டியதை மிதக்கவிட்டு விரிக்கும் வெந்நீர்த் தொட்டி) மெழுகு உருகும் சூட்டுக்கு 5 முதல் 10 டிகிரி கீழே இருக்கட்டும். குறைந்தால் மடிப்பு விரியாது, கூடினால் திசு அளவுக்கு மீறி விரிந்து பிளக்கும்.

சிவப்பணு நல்ல சாட்சி. ஸ்லைடில் தடவிய ரத்தப் பூச்சில் 7, 8 மைக்ரான் இருப்பது மெழுகு செக்‌ஷனில் சிறிதாகத் தெரியும். ஒரு ஸ்லைடில் மட்டும் அது மற்றவற்றை விடச் சிறிதாக இருந்தால் அந்த ஸ்லைடின் எண்களைத் தனியே எடுத்து வையுங்கள்.

தசை இழை சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் குறுகிய விட்டத்தை மட்டும் அளங்கள், நீண்டது ஏமாற்றும். ரிப்போர்ட்டில் மைக்ரானுக்குப் பக்கத்திலேயே ஃபார்மலினில் இருந்த நேரம், மெழுகா உறைவெட்டா, எத்தனை மைக்ரான் தடிமன் என்பதையும் எழுதிவிடுங்கள்.